கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் காதால் கேட்ட வரலாறு



கோமுகி ஆற்றைப் பற்றியும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றியும் எழுதியபோது உங்களில் பலர் தனியாக எழுதிப் பேசினீர்கள். அதில் நான்கைந்து பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "சார், வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரேடியோ கிடக்குது. ஒரு பெட்டி நிறைய கேசட், அப்பா அம்மா கல்யாண வீடியோ எல்லாம் இருக்கு. இனிமேல் இதெல்லாம் ஓடுமா, எடைக்குப் போட்டுடலாமா?"

போட்டுவிடாதீர்கள் என்பது சுருக்கமான பதில். ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. நம் மாவட்ட வரலாற்றில் யாரும் எழுதாத ஒரு பக்கம் அந்தப் பரணில் இருக்கிறது.

முதலில் ரேடியோ நம் பக்கம் வந்த கதை. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924-இல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. பணம் போதாமல் 1927-இல் நின்றுபோக, கருவிகளைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களுக்காக மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பிறகு அகில இந்திய வானொலி வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும் திருச்சி நிலையம் 1939 மே 16-லும் தொடங்கின. புதுச்சேரி நிலையம் 1967 செப்டம்பர் 23-இல்தான் வந்தது. நம் ஊர் இந்த மூன்றுக்கும் நடுவில் இருப்பதால் திருச்சி 936, சென்னை 720, புதுவை 1215 என்று முள்ளைத் திருப்பித் திருப்பி மூன்றையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருப்பது சாதாரண விஷயமல்ல. தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980களின் நடுப்பகுதியில்தான் அந்த வழக்கம் முழுதாக ஒழிந்தது. ஆகவே கிராமத்து மக்கள் ரேடியோ கேட்டது பஞ்சாயத்து ரேடியோவில்தான். 1950களில் மத்திய அரசு மானியம் கொடுக்க, மாநில அரசுகள் ஊர்ப் பொது இடங்களில் சமுதாய ரேடியோக்களை வைத்தன. சாயங்காலமானால் பஞ்சாயத்து போர்டு திண்ணையில் ஊரே கூடி உட்காரும். மாநிலச் செய்தி, விவசாய நிகழ்ச்சி, பாட்டு என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். தஞ்சை வட்டாரத்தில் 1960களில் ஆடுதுறை 27 நெல்லை ரேடியோவில் கேட்டுப் பயிரிட்டதால் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்தது. அப்படியொரு செல்வாக்கு அந்தப் பெட்டிக்கு.

இங்கே அறிவியல் வாத்தியாராகக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். அன்றைய ரேடியோ வால்வு ரேடியோ. கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழை சூடாகி எலக்ட்ரான்களை வெளிவிட வேண்டும். மின்சாரம் உள்ள ஊரில் பிரச்சினையில்லை. இல்லாத ஊருக்கு என்று பேட்டரி செட் தனியாக வந்தது. டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96 என்று நான்கு வால்வுகள். இழைக்கு 1.5 வோல்ட், மேல் மின்னழுத்தத்துக்கு 90 வோல்ட் என்று இரண்டு விதமான பேட்டரி வேண்டும். அந்த 90 வோல்ட் பேட்டரி ஒரு செங்கல் கனம் இருக்கும், விலையும் அதிகம். தீர்ந்துவிட்டால் டவுனுக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

இதை மலைக்கு வைத்து யோசித்துப் பாருங்கள். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று விரிந்து கிடக்கும் மலை. இந்தியா 1947-இல் சுதந்திரம் அடைந்தது என்று நான் வகுப்பில் சொல்வேன். கல்வராயன் மலை மக்களோ 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ்தான் இருந்தார்கள். அந்த ஆண்டில்தான் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டு மலை நேரடியாக அரசின் கைக்கு வந்தது. ரோடும் கரண்டும் பல ஊர்களுக்கு அதற்கும் வெகுகாலம் கழித்தே வந்தன. அங்கே செங்கல் கனத்துப் பேட்டரியை யார் தலையில் சுமந்து ஏறுவார்கள்?

மலைக்கு ரேடியோ ஏறியது டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-இல் கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. நம் நாட்டில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் பிலிப்ஸ் கூட்டுறவோடு ரேடியோ வால்வுகளையும், அடுத்த ஆண்டே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் செய்ய ஆரம்பித்தது. இழையைச் சூடாக்கும் வேலையே இல்லை. நான்கு டார்ச் பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் பாடும். தோளில் மாட்டிக்கொண்டு ஆடு மேய்க்கப் போகலாம்.

அப்படித் தோளில் ஏறிய ரேடியோவில் பெரும்பாலும் பாடியது இலங்கை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதை வெகுவாகக் குறைத்தார். ஜனங்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. அதற்குள் இலங்கை வானொலி தமிழ்நாட்டு வீடுகளுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை நம் அத்தை, சித்தப்பாக்களிடம் கேளுங்கள், இன்றும் முகம் மலரும். டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி குரலைக் கேட்டு கடிகாரம் சரிசெய்தவர் என் தகப்பனார்.

இவ்வளவும் நடந்தது ஒரு ஆளை நம்பித்தான். ரேடியோ மெக்கானிக்.

உங்களுக்கு நினைவிருக்கும், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்துகளில் பத்துக்குப் பத்து கடை. வாசலில் ஒரு பெயர்ப் பலகை, உள்ளே சோல்டரிங் வாசனை, மேசையில் குடலைத் திறந்து போட்ட நாலு செட். ஐ.டி.ஐ.யில் ரேடியோ டி.வி. மெக்கானிக் படித்தவர்கள் சிலர். தபால் வழியில் படித்தவர்கள் சிலர். பெரும்பாலோர் குருவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றவர்கள். சர்க்யூட் படமே கையில் இல்லாமல் காதால் நோய் கண்டுபிடிப்பார்கள். "ம்ம்ம்" என்று அடிநாதமாக இரைந்தால் ஃபில்டர் கண்டென்சர் உலர்ந்துவிட்டது. திருகும்போது கரகரவென்றால் வால்யூம் கண்ட்ரோல். முள் நகராவிட்டால் டயல் கயிறு. உதிரிபாகம் தீர்ந்தால் சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் போகும். கிடைக்காவிட்டால் இரண்டு செத்த செட்டிலிருந்து ஒரு உயிருள்ள செட் பிறக்கும். மலையிலிருந்து சந்தைக்கு இறங்குபவர்கள் கடுக்காய், புளி மூட்டையோடு ரேடியோவையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வாரச் சந்தைக்கு வந்து வாங்கிப் போவார்கள்.

அடுத்து வந்தது கேசட். 1963-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் காட்டிய சின்னஞ்சிறு டப்பா. நம் பக்கம் அது பெருகியது 1970களின் கடைசியிலும் எண்பதுகளிலும். ரேடியோ நமக்குக் கேட்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்தது. கேசட்தான் நம்மைப் பேச வைத்தது. நம் குரலை நாமே பிடித்து வைக்க முடிந்தது அதில்தான். மைக் செட்காரர்கள் இசைத்தட்டுப் பெட்டியை ஓரம் கட்டிவிட்டு கேசட் டெக்குக்கு மாறினார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை ஊர் இளவட்டங்கள் மேடையோரம் டூ-இன்-ஒன் வைத்துப் பதிந்தார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட் போனது. வளைகாப்புப் பாட்டு, ஒப்பாரி, குழந்தையின் மழலை எல்லாம் அதில் உண்டு.

டி.வி. கதை உங்களில் பலரே பார்த்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 1982-இல் கலர் வந்தது. நம் ஊரில் மாடிமேல் மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி, "தெரியுதா, தெரியுதா" என்று மேலே ஒருவர் கத்த, கீழே ஒருவர் "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கத்தி, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்த்தோம். கூடவே டெக் வந்தது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த வி.எச்.எஸ். முறை. வாடகைக்கு டி.வி.யும் டெக்கும் எடுத்து, தெருவே காசு போட்டு, இரவு முழுக்க மூன்று படம் ஓட்டியதை மறக்க முடியுமா? மூன்றாவது படம் பாதியில் ஹெட் அழுக்காகிக் கோடு கோடாக வரும். டெக்கோடு வந்த பையன் மூடியைக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைப்பான். அவனுக்கும் ஒரு டீ, ஒரு வடை.

2006 செப்டம்பர் 15 முதல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. 14 அங்குலப் பெட்டி கல்வராயன் மலைக் குடிசைகளிலும் ஏறி உட்கார்ந்தது. பஞ்சாயத்துத் திண்ணையில் ஊரோடு கேட்டது போய், வீட்டுக்கு வீடு தனியாகப் பார்க்கும் காலம் வந்தது. அதில் நன்மையும் உண்டு. திண்ணைக்கு வர முடியாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் உலகம் வீட்டுக்குள்ளேயே வந்தது. பிறகு செல்போன். பழுதானால் மாற்றிவிடு என்ற வழக்கம் பிடித்தது. மெக்கானிக் கடைகள் செல்போன் கடைகளாயின. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. உலகத்தில் அதைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

இப்போது கேசட்டுக்கு வருகிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் நான் மலையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். அப்போது பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் தாத்தா பாட்டியைப் பேசச் சொல்லிப் பதிந்து கொண்டுவாருங்கள் என்று பள்ளி டேப் ரெக்கார்டரை முறை வைத்துக் கொடுத்தனுப்பினேன். அப்படிச் சேர்ந்தது பதினொரு கேசட். அவற்றை வெள்ளிமலைப் பக்கத்து மாணவர் ஒருவர் தகரப் பெட்டியில் வைத்திருந்து, இரண்டு வருடம் முன்பு என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். கள்ளக்குறிச்சியில் இன்னும் கை ஓயாத ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனோம். எழுபதைத் தாண்டிய மெக்கானிக்.

கேசட் நாடா என்பது என்ன? மெல்லிய பாலியஸ்டர் படலத்தின் மேல் பசையோடு பூசிய இரும்பு ஆக்சைடு. எளிய தமிழில் சொன்னால் துரு. அறுபது நிமிட கேசட்டில் சுமார் 86 மீட்டர் நாடா இருக்கும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட்டை உரசிப் போகும். அந்தத் துருத் துகள்கள் எந்தத் திசையில் காந்தமாகி நிற்கின்றன என்பதுதான் நம் பாட்டியின் குரல். மலைக் காற்றின் ஈரத்தில் அந்தப் பசையில் பூஞ்சை பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி தெரியும்.

பெரியவர் எதையும் உடனே ஓட்டவில்லை. திருகைக் கழற்றி ஒவ்வொன்றையும் திறந்தார். நான்கில் பூஞ்சை. அவற்றைத் தனியே வைத்தார். இரண்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். ஒன்றில் நாடா அறுந்திருந்தது, அதற்கான ஒட்டு நாடாவால் சேர்த்தார். டெக்கின் பெல்ட் இளகிப் போயிருந்ததை மாற்றினார். பூஞ்சை பிடித்தவற்றை மெல்லச் சுற்றிச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தார். பிறகு ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகை, கேசட் ஓட ஓட, மயிரிழை அளவு திருப்பினார். அதுவரை போர்வைக்குள்ளிருந்து பேசியது போலிருந்த குரல் "ஸ்", "ச்" எல்லாம் தெளிந்து எதிரில் உட்கார்ந்து பேசியது. பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு இதைக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைக் காது சொல்ல வேண்டும்.

பதினொன்றில் எட்டு பேசின. ஒன்றைப் பூஞ்சை தின்றுவிட்டது. ஒன்றில் நாடா கசங்கிப் பயனில்லாமல் போயிருந்தது. ஒன்றின் மேல் யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்திருந்தார்கள். பழைய பதிவு திரும்ப வராது.

அந்த எட்டில் என்ன இருக்கிறது? சந்தைக்கு இருட்டோடு இறங்கிப் போன கணக்கு. சாமையும் தினையும் விதைத்த கணக்கு. ஜாகிர் போனது எங்களுக்கு உடனே தெரியாது, சந்தைக்குப் போனவன் வந்து சொன்னான் என்கிறார் ஒரு தாத்தா. இனி யாரைப் பார்த்து நிற்பது என்று தெரியாமல் முழித்தோம் என்கிறார். ஒரு பாட்டி கல்யாணப் பாட்டு பாடுகிறார். அந்தப் பாட்டைப் பின்னால் சரியாகக் கேட்டால் வீட்டில் எங்கோ ஒரு டிரான்சிஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேசிய எட்டுப் பேரும் இன்று இல்லை. 1976-இல் இருபது வயது இளைஞராக இருந்தவரே இன்று எழுபதை எட்டிவிட்டார். ஜாகிர் காலத்தைப் பெரியவராக வாழ்ந்து பார்த்தவர்களின் குரல் இனிமேல் புதிதாகக் கிடைக்காது. இருப்பது பரணில் கிடப்பது மட்டுமே. அரசுப் பதிவேட்டில் ஜாகிர் ஒழிப்புக்கு ஓர் ஆண்டு இருக்கிறது. அன்று அந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது கேசட்டில்தான் இருக்கிறது.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2017-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி என்றைக்குமாகப் போய்விடும் என்றது. நாடா கெடுவது ஒரு பக்கம். அதை ஓட்டும் எந்திரம், அதற்கு உதிரிபாகம், அதைச் சரிசெய்யத் தெரிந்த கை, மூன்றும் ஒரே சமயத்தில் மறைகின்றன என்பதுதான் பெரிய ஆபத்து. வசதியான நாட்டுக்கே அந்தக் கவலை என்றால், நம் தகரப் பெட்டிகளுக்கு?

ஆகவே பரணில் ஏறுவதற்கு முன் இவற்றை மனதில் வையுங்கள்.

1. பல வருடம் ஓடாத வால்வு ரேடியோவை நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். உலர்ந்த கண்டென்சர் வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் புகையலாம். விஷயம் தெரிந்தவர் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் பார்ப்பார். பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள். சில பழைய செட்களில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்திலேயே கரண்ட் ஓடும். தொடாதீர்கள்.

2. பழைய டி.வி.யின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் பிக்சர் ட்யூப்பில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் தங்கியிருக்கும்.

3. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் யாரும் அதன் மேல் பதிய முடியாது.

4. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

5. ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். வீடியோ டெக்கின் உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதிலுள்ள ஹெட் முடியை விட மெல்லியது. பஞ்சால் மேலும் கீழும் தேய்த்தால் உடைந்துவிடும். துணியை அசைக்காமல் பிடித்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

6. பழைய நாடா முதல்முறை ஓடுவதே கடைசி முறையாகவும் இருக்கலாம். ஆகவே முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுங்கள். சுருக்காத வடிவில் இரண்டு பிரதி, இரண்டு வேறு இடங்களில்.

7. யார் பேசியது, எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத குரல் பாதி வரலாறுதான்.

8. பிரதி எடுத்துவிட்டோம் என்று மூலத்தை எறியாதீர்கள். நாளை இதைவிட நன்றாக எடுக்கத் தெரிந்தவர் வரலாம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். புது மாவட்டத்துக்கு வரலாறு எழுதுவோர் கல்வெட்டையும் கோயிலையும் எழுதுவார்கள். எழுதட்டும். அதோடு கூத்துக் கேசட்டும், மலைப் பாட்டியின் கல்யாணப் பாட்டும், அவற்றை ஓட வைத்த மெக்கானிக்குகளும் அதில் சேர வேண்டும் என்பது என் ஆசை.

ஓடும் நிலையில் கேசட் டெக்கோ வீடியோ டெக்கோ வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். கூத்து, தாலாட்டு, ஒப்பாரி, மலைப்பாட்டு பதிந்த கேசட் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பெரியவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு உட்காரச் சம்மதித்திருக்கிறார். பாலிடெக்னிக் படிக்கும் பேரன் பேத்திகள் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார அனுப்பி வையுங்கள். காதால் நோய் கண்டுபிடிக்கும் வித்தை புத்தகத்தில் இல்லை.

மலைக்காரப் பிள்ளைகள் முதலில் வாருங்கள். மழைக்காலம் வருவதற்குள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்